மூன்று முறை அணைத்துப் பார்த்தோம்

வானொலி அலைகளைக் கண்காணிக்கும் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றி, இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓய்வு பெற்றவன் நான். சென்ற மாதம், அங்கே பயிற்சிப் பிரிவைக் கவனிக்கும் ரேஷ்மா என்ற இளைய அதிகாரி தொலைபேசியில் அழைத்தார். நாகர்கோவில்காரர், என்னிடம் எப்போதும் தமிழில்தான் பேசுவார்.

“சார், புதுசா சேர்ந்தவங்களுக்கு உங்க மட்டாஞ்சேரி கேஸைத்தான் மாதிரியா காட்டுறோம். லைசென்ஸ் இல்லாத எஃப்.எம்.மைக் கண்டுபிடிச்சு, மூணு தடவை ஆன்-ஆஃப் டெஸ்ட் பண்ணி, மூணு தடவையும் ஒத்துப்போய்... அவ்வளவு சுத்தமான ரிப்போர்ட் வேற ஃபைல்லயே கிடையாது. நீங்களே அதைப் பத்தி நம்ம மண்டல இதழோட தமிழ்ப் பகுதிக்கு எழுதித் தந்தா நல்லா இருக்கும்.”

எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு பத்து நாட்கள் ஒரு வரியும் எழுத முடியவில்லை. ரேஷ்மா படித்தது அலுவலகக் கோப்பு. வழக்கின் பிற்பகுதி நீதிமன்றக் கோப்பில் இருக்கிறது. இரண்டும் ஒருமுறைகூட ஒரே மேசைமேல் வைக்கப்பட்டதில்லை. இரண்டையும் அறிந்தவன் என்ற முறையில் எனக்குத் தெளிவு அதிகமாக இருக்க வேண்டும். எனக்கோ குழப்பம்தான் அதிகமாக இருக்கிறது.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒரே ஒரு நிகழ்ச்சி போதும். இயற்பியலில் பட்டம் பெற்று வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில், குரியன் சார் என்னை ஒரு ரிசீவருக்கு முன் உட்காரவைத்து, ஹெட்போனைக் கையில் கொடுத்து, “ஒரு மணி நேரம். கேட்கிறதை எழுது” என்றார். அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கோட்டயம் பக்கத்துக்காரர்; சென்னையில் சில ஆண்டுகள் இருந்ததால் மலையாள ராகத்தோடு நல்ல தமிழ் பேசுவார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. முக்கியமான எதையும் பேசத் தொடங்கும் முன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைப்பார். பேச்சு முடிந்தது என்பதற்கு அடையாளம், அதை மறுபடி கட்டிக்கொள்வது.

ஒரு மணி நேரத்தில் இரண்டு பக்கம் எழுதினேன். தொலைவில் ஏதோ இசை. ஓர் ஆண்குரல், அரபியாக இருக்கலாம். எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லும் ஒரு பெண்குரல். குரியன் சார் படித்துப் பார்த்துவிட்டு, ரிசீவரின் பின்பக்கத்தைக் காட்டினார். ஆன்டெனாக் கம்பி கழற்றப்பட்டுத் தரையில் கிடந்தது.

“நீ கேட்டது முழுக்க வெறும் இரைச்சல்” என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “பயப்படாதே. எல்லாரும் எழுதுவாங்க. நான் எழுதினது உன்னைவிட ஒரு பக்கம் கூடுதல். காது சும்மா இருக்காதுப்பா. நீ எதை எதிர்பார்க்கிறியோ அதைக் கொண்டுவந்து கொடுத்துடும்.”

எங்கள் அலுவலகத்தின் ஆன்-ஆஃப் சோதனைக்கு அவர் வகுத்த முறை இந்த அறிவிலிருந்து வந்தது. அனுமதி பெற்ற ஒரு நிலையத்தின் ஒலிபரப்பில் இரைச்சல் வருகிறது. ஒரு கருவிமேல் சந்தேகம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கருவியை நாங்கள் விரும்பிய நேரத்தில் மூன்று முறை அணைத்து, மூன்று முறை மீண்டும் இயக்குவோம், நேரத்தைக் குறித்துக்கொள்வோம். புகார் தந்த இடத்தில் வேறொருவர் உட்கார்ந்து, நிமிடத்துக்கு நிமிடம் தமக்குக் கேட்பதை ஒரு தாளில் எழுதுவார். எப்போது அணைத்தோம், எப்போது இயக்கினோம் என்பது அவருக்குத் தெரியக் கூடாது. பிறகு இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். குரியன் சாரே அச்சடித்த அந்தத் தாளின் தலைப்பில், ‘கேட்பவரிடம் எதையும் சொல்லாதீர்’ என்று அடிக்கோடிட்டு இருக்கும்.

இனி வழக்குக்கு வருகிறேன். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், மழைக்காலம் தொடங்கச் சற்று முன்பு, பள்ளுருத்திக்கு அப்பால் கடலோரத்தில் இயங்கிய ஒரு சிறு சமுதாய வானொலியிலிருந்து புகார் வந்தது. முறையாக அனுமதி பெற்ற நிலையம் அது. அதை நடத்தியவர் பென்னி, முப்பது வயதைத் தாண்டிய ஒரு துடிப்பான மனிதர். மதியம் இரண்டரை மணிக்குத் தொடங்கி மூன்று மணிவரை, சிறு வள்ளங்களில் மீன் பிடிப்பவர்களுக்காகக் காற்றின் வேகம், அலையின் உயரம், எச்சரிக்கைகள் ஆகியவற்றை மலையாளத்தில் வாசிப்பார்கள். ஒரு மாதமாக அந்த நேரத்தில் பெரும் இரைச்சல். ஒருநாள் கடல் கொந்தளிப்பு எச்சரிக்கை அந்த இரைச்சலில் போயிற்று. அதைக் கேட்காமல் கடலில் இருந்த ஒருவரின் வள்ளம் கவிழ்ந்து தோள் எலும்பு முறிந்தது. பென்னி தம் கடிதத்தோடு அந்த மனிதரின் எக்ஸ்ரே ஃபிலிமையும் உறைக்குள் மடக்கி அனுப்பியிருந்தார்.

குரியன் சார் அதைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். “முப்பத்தஞ்சு வருஷத்தில எக்ஸ்ரே இணைச்ச புகார் இதுதான் முதல்” என்று மட்டும் சொன்னார்.

எங்கள் வண்டியோட்டி ஷாஜிக்கு, திசைகாட்டும் கருவியைப் பல பொறியாளர்களைவிட நன்றாகப் படிக்கத் தெரியும். அவரும் நானும் மூன்று இடங்களில் வண்டியை நிறுத்தி, வரைபடத்தில் மூன்று கோடுகள் இழுத்தோம். அவை மட்டாஞ்சேரியில் கூடின. இங்கே ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். கோடுகள் இரைச்சலுக்கு இழுக்கப்பட்டவை அல்ல. இரைச்சல் வந்து வந்து மறைந்தது. திசை பிடிக்க நிற்கவில்லை. ஆனால் பென்னியின் அலைவரிசைக்குச் சற்றே தள்ளி, அனுமதி இல்லாத ஒரு பெண்குரல் தமிழில் தெளிவாக ஒலித்துக்கொண்டிருந்தது. நாங்கள் அந்தக் குரலுக்குக் கோடு இழுத்தோம்.

“தண்ணி லாரி இன்னிக்கு நாலு மணிக்கு. குடத்தைக் கயிறு போட்டுக் கட்டி வரிசைல வெச்சுட்டுப் போகாதீங்க, போன வாரம் நடந்த சண்டையே போதும். அடுத்தது, வார்டு ஆபீஸ் போர்டுல ஒட்டின காகிதம்...”

“சாரே, ஸ்டேஷன் கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு” என்றார் ஷாஜி. “பாட்டும் இல்ல, விளம்பரமும் இல்ல. சண்டை மட்டும் உண்டு.”

வண்டி போக முடியாத சந்துகள். கையில் பிடிக்கும் ஆன்டெனாவைத் தூக்கிக்கொண்டு நடந்தேன், ஷாஜியும் கூட வந்தார். பார்ப்பதற்கு அது பெரிய மீன்முள் போல இருக்கும். ஒரு சரக்குக் கிட்டங்கி வாசலில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒருவர், “எந்தா சேட்டா, மீனைத் தின்னுட்டு முள்ளை மட்டும் கொண்டு நடக்கறியா?” என்று கேட்க, சந்தே சிரித்தது. தகரக் கூரைகளில் பட்டுத் திரும்பும் அலைகளால் மூன்று முறை தவறான சந்துக்குப் போனோம். கடைசியில் வழிகாட்டியது கருவி அல்ல. ஒரு கிட்டங்கியில் இருபது பெண்கள் தரையில் உட்கார்ந்து சுக்கு தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் காதிலும் கைப்பேசியிலிருந்து ஒரு கம்பி. எந்தச் சத்தமும் இல்லாத அந்த இடத்தில் இருபது பேரும் ஒரே நொடியில் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

எதிரே ஒரு மைக் செட் கடை. கூரையிலிருந்து ஹார்ன் ஒலிபெருக்கிகள் தொங்கின. உள்ளே நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் மைக்கின் முன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு சிறிய ஒலிபரப்புப் பெட்டி. எங்களைக் கண்டதும் ஒரு கையை உயர்த்தி நிற்கச் சொல்லிவிட்டு, மைக்கில் முடித்தார்: “...வாசல்ல ரெண்டு பேர் முள்ளு வெச்சுக்கிட்டு நிக்கறாங்க. யாருன்னு கேட்டுட்டு நாளைக்குச் சொல்றேன்.”

அவர் பெயர் சரோஜா. பாட்டனார் காலத்தில் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அண்ணன் வளைகுடாவுக்குப் போன பிறகு கடையை அவரே நடத்தினார். லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டேன்.

“மைக் செட்டுக்கு இருக்கு சாரே. இந்தப் பெட்டிக்கும் வேணும்னு யாரு கண்டா? சாயாத்தூள் வர்ற மாதிரி ஆன்லைன்ல வந்துச்சு.”

“எதுக்கு இது?”

“முன்னெல்லாம் முக்குல ஹார்ன் கட்டிச் சொல்லுவேன். சத்தம் கூடாதுன்னு போலீஸ் நிறுத்திட்டாங்க. சரின்னு சத்தமில்லாமச் சொல்றேன். இப்போ அதுக்கும் ஆள் வந்தாச்சு.” கிட்டங்கிப் பக்கம் கைகாட்டினார். “ஆபீஸ் காகிதம் எல்லாம் மலையாளம். இவங்களுக்கு மலையாளமும் வாசிக்கத் தெரியாது, தமிழும் வாசிக்கத் தெரியாது. காது மட்டும் நல்லாக் கேக்கும்.”

தோள் எலும்பு முறிந்தவரைப் பற்றிச் சொன்னேன். சரோஜாவின் முகம் மாறியது. எழுந்துவிட்டார்.

“அப்போ முதல்ல அணைங்க. ஒருத்தர் கையை ஒடிச்சு எனக்கு இந்தப் பேச்சு வேணாம்.” பிறகு நின்று கேட்டார்: “என் பெட்டியாலதான்னு உறுதியா?”

“அதுக்குத்தான் ஒரு சோதனை இருக்கு” என்றேன்.

மணி இரண்டு நாற்பது. கடல் அறிக்கை முடிய இருபது நிமிடம். பென்னியிடம் முன்கூட்டியே தந்திருக்க வேண்டிய தாள் என் பையில் இருந்தது. எங்கள் தாளும் அதே பையில் இருந்தது. ஷாஜியை அனுப்பினால் அவர் போய்ச் சேரும் முன் அறிக்கை முடிந்துவிடும். மறுநாள் வரலாம். மறுநாள் வரும்போது பெட்டி அங்கே இருக்குமா? வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. கிட்டங்கிப் பெண்கள் மடியில் சுக்குத் தூசியோடு எழுந்து வந்து நின்றார்கள். ஒருவர் உரக்கக் கேட்டார்: “சரோஜாக்கா, தண்ணி லாரி நாலு மணியா, அஞ்சா?” நான் கைப்பேசியை எடுத்துப் பென்னியை அழைத்தேன்.

“பென்னி, இங்க பெட்டியை அணைக்கிறோம். இப்ப எப்படி?”

“கிளியர் சாரே. கிளியராயி!”

“இப்ப மறுபடி போடறோம்.”

“தா, வந்துச்சு. இரைச்சல் வந்துச்சு.”

இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை நான், “அணைச்சாச்சு” என்றதும் பென்னி, “கிளியர்” என்றார். சுவிட்சில் விரல் வைத்திருந்த சரோஜா என்னைப் பார்த்தார்.

“சாரே, நான் இன்னும் அணைக்கலை.”

சொல்லிக்கொண்டே அணைத்தார். பென்னி சொன்ன நொடியில் பெட்டி இயங்கிக்கொண்டிருந்ததா, அணைந்துவிட்டதா என்று இன்றுவரை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தொலைபேசியில் ஒரு விநாடி முன்பின் ஆகலாம் என்று அப்போது நினைத்தேன். எடுத்துச் சென்றிருந்த அளவுக்கருவியில் பார்த்தபோது, பெட்டியின் அலை தன் இடத்தைவிட்டுப் பக்கவாட்டில் கொஞ்சம் சிந்தியது உண்மை. அந்தக் கொஞ்சம் பென்னியைத் தொல்லைப்படுத்தும் அளவுக்கு இருந்ததா என்பதைத்தான் சோதனை சொல்லியிருக்க வேண்டும்.

தேநீர்க் கடைக்காரரையும் கிட்டங்கிக் கணக்கரையும் சாட்சிகளாக வைத்து, பெட்டியைக் கைப்பற்றியதற்கு மகஜர் எழுதினேன். பெட்டியைத் துணியில் சுற்றி அரக்கு முத்திரை வைத்தேன். அறிக்கையில் எழுதிய வரி எனக்கு மனப்பாடம்: ‘மூன்று முறை அணைத்தும் மூன்று முறை இயக்கியும் பார்த்ததில், மூன்று முறையும் முடிவு ஒத்துப்போனது.’ அந்த வரியில் பொய்யான சொல் ஒன்றுகூட இல்லை.

மறுநாள் குரியன் சார் கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு அறிக்கையை இரண்டு முறை படித்தார். அவர் ஓய்வு பெற இரண்டு வாரமே இருந்தது.

“கேட்டவருக்குத் தெரியாதுல்ல?” என்றார்.

“முறைப்படிதான் செய்தோம் சார்.”

அறிக்கையைக் கோப்பில் வைத்தார். கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார்.

வழக்கில் இரண்டு குற்றச்சாட்டுகள். ஒன்று, அனுமதியின்றி ஒலிபரப்பியது. மற்றொன்று, அனுமதி பெற்ற நிலையத்துக்கு ஆபத்து விளையும் வகையில் இடையூறு செய்தது. இரண்டாவதுதான் கனமானது. அது நிலுவையில் இருந்தவரை, சரோஜாவின் மைக் செட்டுக்குக் காவல் நிலையத்தில் அனுமதி தர மறுத்தார்கள். கோவில் திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம் எதற்கும் அவர் ஹார்ன் கட்ட முடியவில்லை. இது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை.

மழைக்காலம் முடிந்ததும் பென்னி அழைத்தார். இரைச்சல் திரும்பி வந்திருந்தது.

இந்த முறை குரலும் இல்லை, பெட்டியும் இல்லை. இரைச்சலைத் தவிரத் துரத்துவதற்கு எதுவும் இல்லாததால், இரைச்சலையே துரத்தினேன். இரண்டு நாள் அலைந்து, பென்னியின் கோபுரத்தடியிலேயே வந்து நின்றேன். கோபுரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பிகளில் ஒன்றை இறுக்கிப் பிடித்திருந்த கிளாம்ப் உப்புக்காற்றில் துருவேறி இளகியிருந்தது. கம்பியைப் பிடித்து ஆட்டினால் ஹெட்போனில் இரைச்சல், விட்டால் அமைதி. மதியத்துக்குப் பிறகு கடற்காற்று எழும்போதெல்லாம் அதைக் காற்று ஆட்டியது. புதுக் கிளாம்ப் போட்டதும் இரைச்சல் ஏறக்குறைய நின்றது.

“அப்போ மட்டாஞ்சேரிப் பெட்டியைப் பிடிச்ச பிறகு இரைச்சல் நிஜமாவே நின்னுதா?” என்று பென்னியைக் கேட்டேன்.

“நின்ன மாதிரிதான் சாரே. ஆள் பிடிச்சாச்சுன்னு சொன்னதும் பிறகு நான் கவனிக்கல. அது கழிஞ்சு மழை வந்துச்சு.”

“அன்னிக்கு ஃபோன்ல கிளியர்னு சொன்னீங்களே?”

“நீங்க அணைச்சாச்சுன்னு சொன்னப்போ எனக்குக் கிளியராத்தான் கேட்டது. பள்ளியில சிலுவை முன்னாடி நின்னு வேணும்னாலும் சத்தியம் பண்றேன்.”

அவர் பொய் சொல்லவில்லை. தரையில் கிடந்த ஆன்டெனாக் கம்பியும், நான் எழுதிய இரண்டு பக்கமும் நினைவுக்கு வந்தன. ஆனாலும் முடிவு தெளிவாகவில்லை. அந்தக் கிளாம்ப் மழைக்கு முன்பே இளகியிருந்ததா, மழைக்குப் பின்தான் இளகியதா? துருவைப் பார்த்து அதன் வயதைச் சொல்ல எனக்குத் தெரியாது. பெட்டியும் சிந்தியது, கிளாம்பும் இளகியது. எந்த நாளில் எது குற்றவாளி? இரண்டும் சேர்ந்தா? பெட்டி நீதிமன்றத்தின் பொறுப்பில் முத்திரையோடு இருந்ததால் எடுத்துச் சோதிக்கவும் வழியில்லை.

சாட்சி சொல்ல சம்மன் வந்தபோது, அதை எடுத்துக்கொண்டு இடப்பள்ளியில் குரியன் சாரின் அடுக்ககத்துக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஓய்வுக்குப் பின் அவர் கடிகாரம் கட்டுவதை விட்டிருந்தார். ஆனாலும் வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டார்.

“ஃபைல்ல ஒரே ஒரு தாள்தான் இருந்துச்சு. ரெண்டு இருக்கணும். எனக்கு அன்னிக்கே தெரியும்” என்றார். “நான் பதில் கேட்டேனே தவிர, தாளைக் கேட்கல. கேட்டிருந்தா நீ அப்படிச் சொல்லியிருக்க முடியாது. ஒரு நல்ல ரிப்போர்ட்டோட இறங்கிப் போகலாம்னு எனக்கும் ஆசை இருந்திருக்கும்.”

“இப்ப நான் என்ன சொல்லட்டும் சார்?”

“நான் எதைச் சொன்னாலும் உனக்கு அதுதான் சரின்னு கேட்கும். அதனால சொல்ல மாட்டேன்.”

பேருந்தில் திரும்பும்போது எடைபோட்டுப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், எங்கள் சோதனைமேல் உள்ள நம்பிக்கை போகும். இனி பிடிபடும் ஒவ்வொருவரின் வழக்கறிஞரும் இதைக் காட்டுவார். அடுத்த இரைச்சலில் அடுத்த எச்சரிக்கை போகும். கடலில் இருப்பவர்கள் அதற்கு விலை கொடுப்பார்கள். சொல்லாவிட்டால், செய்தது என்று நிரூபணமாகாத ஒரு செயலுக்கு ஒரு பெண் தண்டனை பெறுவார். அனுமதியில்லாமல் ஒலிபரப்பியது எப்படியும் குற்றம்தானே என்று ஒரு குரல் சமாதானம் சொன்னது. அந்தக் குரல் என் மனசாட்சியினுடையதா, என் வசதியினுடையதா என்பதும் தெரியவில்லை.

நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞர் கேட்டார்: “மூன்று முறையும் முடிவு ஒத்துப்போனதல்லவா?” நான் சொன்னேன்: “ஒத்துப்போனது. ஆனால் கேட்டவரிடம் ஒவ்வொரு முறையும் நானே முன்கூட்டிச் சொல்லிவிட்டேன். எங்கள் முறைப்படி அது சோதனையே அல்ல.” வழக்கறிஞர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டியதில்லை. கிளாம்பைப் பற்றியும் சொன்னேன். இடையூறுக் குற்றச்சாட்டு நிற்கவில்லை. அனுமதியின்மைக்குச் சிறு அபராதம் விதித்து, பெட்டியைப் பறிமுதல் செய்ய உத்தரவிட்டார்கள். அலுவலகம் என்னிடம் விளக்கம் கேட்டது, கொடுத்தேன். அந்த விளக்கம் வேறொரு கோப்புக்குப் போயிற்று. ரேஷ்மா காட்டும் கோப்பில் என் சுத்தமான அறிக்கை மட்டும் தங்கிவிட்டது.

வெளியே, வேப்பமர நிழலில் சரோஜா நின்றிருந்தார். நிம்மதியான முகத்தை எதிர்பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

“கடையை மூடியாச்சு சாரே” என்றார். “ஹார்ன் எல்லாம் பள்ளுருத்தில ஒருத்தருக்குக் கொடுத்துட்டேன். அது போகட்டும். ஒன்னு கேக்கணும். வக்கீல் அந்த எக்ஸ்ரேயைத் தூக்கிக் காட்டினாரே, அது கண்ணுலயே நிக்குது. அவர் தோள் ஒடிஞ்சது என் பெட்டியாலயா, இல்லையா?”

“தெரியலைம்மா.”

“உள்ளே அவ்வளவு பேசினீங்களே?”

“சோதனை தப்புன்னுதான் சொன்னேன். பெட்டியால இல்லைன்னு சொல்லலை. அதுவும் எனக்குத் தெரியாது.”

“முன்னே, நான்தான்னு நினைச்சு அழுதேன். இப்போ அழறதா வேண்டாமான்னுகூடத் தெரியாம ஆக்கிட்டீங்க.”

அவரை அழைத்துப் போக வந்திருந்த கிட்டங்கிப் பெண்களில் ஒருவர், “வாக்கா, இவருக்கு முள்ளைத் தூக்கத்தான் தெரியும்” என்றார். யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த ஓராண்டில் அந்தப் பகுதியில் இதே மாதிரி மூன்று பெட்டிகள் முளைத்தன. ஒருவர் என் முகத்துக்கு நேராகவே, “அந்தச் சேச்சிக்கு ஒன்னும் ஆகலையே, எனக்கு மட்டும் என்ன?” என்று கேட்டார். அவற்றில் ஒன்று பென்னியின் அலைவரிசைமேலேயே ஏறி உட்கார்ந்து, இரண்டு நாள் கடல் அறிக்கையை முழுவதுமாக அடைத்தது. அந்த இரண்டு நாளும் கடல் அமைதியாக இருந்தது. இல்லாதிருந்தால், சாட்சிக் கூண்டில் நான் சொன்னதை இன்று எப்படி நினைப்பேன் என்று தெரியவில்லை.

பெட்டியை அழிக்கும் நாள் வந்தது. சுத்தியலால் உடைப்பதற்கு முன், அனுமதி பெற்று முத்திரையைப் பிரித்தேன். இந்த முறை தாளை முதல் நாளே பென்னியிடம் கொடுத்திருந்தேன், எதையும் சொல்லவில்லை. சுவிட்சைப் போட்டேன். பெட்டி இயங்கவில்லை. ஆண்டுக்கணக்கில் ஈரக்காற்றில் கிடந்து உள்ளே பச்சை பூத்திருந்தது. மின் இணைப்பை மாற்றிப் பார்த்தேன், கம்பிகளைச் சுரண்டிப் பார்த்தேன். பிறகு சாட்சிகள் முன்னிலையில் உடைத்தார்கள். பென்னியிடமிருந்து தாள் வந்தது: முப்பது நிமிடத்துக்கும் ‘தெளிவு, தெளிவு, தெளிவு’ என்று எழுதி, இரண்டு இடத்தில் மட்டும் ‘லேசாக ஏதோ’ என்று குறித்திருந்தார்.

ஓய்வுக்குப் பின் பள்ளுருத்தியில் இருக்கிறேன். மட்டாஞ்சேரிச் சந்தையில் அவ்வப்போது சரோஜாவைப் பார்ப்பேன். இப்போது ஒரு கல்யாண மண்டபத்தில் ஒலியமைப்பைக் கவனிக்கிறார். என்னைக் கண்டால் அவர் வணக்கம் சொல்வதில்லை, கேட்பது ஒன்றுதான்.

“தெரிஞ்சுதா சாரே?”

“இல்லை.”

“சரி. மத்தி நல்லா இருக்கு, வாங்கிட்டுப் போங்க.”

சென்ற வாரமும் கேட்டார். ரேஷ்மாவின் பயிற்சி வகுப்பைப் பற்றிச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“எந்தா, என் பெட்டி பாடமாயாச்சா? அப்போ நல்லதாப் போச்சு. அந்தப் பிள்ளைங்ககிட்ட கேட்டுப் பாருங்க. படிச்ச பிள்ளைங்க, புது மிஷின் எல்லாம் இருக்கும். நான் தினமும் அந்தக் கடல் வாசிப்பைக் கேக்கறேன் சாரே, இரைச்சல் வருதான்னு. சில நாள் வர்ற மாதிரி இருக்கு. வருதா, நான் வரவெக்கறேனான்னு தெரியலை.”

ஆகவே, புதிதாகச் சேர்ந்திருக்கும் நண்பர்களுக்கு: அந்த வழக்கை வகுப்பில் தொடர்ந்து காட்டுங்கள். அன்று என் பையிலேயே தங்கிவிட்ட, பென்னியின் கையில் இருந்திருக்க வேண்டிய வெற்றுத் தாளை இத்துடன் இணைத்திருக்கிறேன். அதையும் கோப்பில் சேருங்கள். அந்த மனிதரின் தோள் எதனால் ஒடிந்தது என்று கண்டுபிடிக்க உங்களில் எவருக்காவது ஒரு வழி தோன்றினால், எனக்கு எழுத வேண்டாம். நேராக மட்டாஞ்சேரிக்குப் போய்ச் சரோஜாவிடம் சொல்லுங்கள். மதியம் இரண்டரையிலிருந்து மூன்று மணிவரை மட்டும் போகாதீர்கள். அப்போது அவர் ரேடியோ கேட்டுக்கொண்டிருப்பார்.